புகழுக்கு முன்னா, புகழுக்குப் பின்னா?

இசையில் ஈடுபாடு உடைய நண்பர் நால்வர் கூடிப் பேசும் இடத்தில் எப்போதும் ஒரு கட்சி உண்டு. "இவர் பெயர் பெறுவதற்கு முன் செய்தவையே இசை, பிறகு வந்தவை எல்லாம் வியாபாரம்" என்பது அக்கட்சியின் கொள்கை. இதற்கு மொழி வேற்றுமை கிடையாது. வடநாட்டில் நம்முடன் வேலை செய்யும் வங்காளியும் தம் பாடகரைப் பற்றி இதையே சொல்கிறார், மராட்டியரும் சொல்கிறார், நாமும் நம் இசையமைப்பாளர்களைப் பற்றி அவர்களுக்குச் சளைக்காமல் சொல்லுகிறோம். பலர் சொல்வதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. பலர் சொல்வதனாலேயே அதைத் தள்ளிவிடவும் கூடாது. ஆகையால் இத்திங்கள் இப்பகுதியில் இதனைச் சற்று நிதானமாக எடை போட்டுப் பார்ப்போம். கலைஞரை நாம் நடத்தும் முறையும் இவ்வினாவுக்கு நாம் கொள்ளும் விடையோடு பிணைந்திருப்பதால், இதை வெறும் பொழுதுபோக்கு விவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது.

முதலில் அக்கட்சியார் பக்கம் நின்று, அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சியை அழைப்போம். அமெரிக்க நாட்டுப் பாடகி டிரேசி சாப்மன் அவர்களே அச்சாட்சி. 1964ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் பிறந்த இக்கறுப்பினப் பெண்மணி, பாஸ்டன் நகரத்தை அடுத்த கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில் தெருவோரத்திலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடிவந்தார். அவருடைய முதல் ஆல்பம் 1988 ஏப்ரலில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாள் விழா நடைபெற்றது. அங்கே பாட வேண்டிய ஸ்டீவி வொண்டரின் கருவிகளில் ஒரு பகுதி காணாமற்போய்விட, ஏற்கெனவே சிறிது நேரம் பாடி முடித்திருந்த சாப்மனை மீண்டும் மேடையேற்றினார்கள். பின்னணி வாத்தியங்கள் எவையும் இல்லை. ஒரு கிதாரும் ஒரு குரலுமே. உலகின் பல நாடுகளில் தொலைக்காட்சி வழியே அதைக் கண்டவர்கள் மறுநாள் கடைகளில் அவர் இசைத்தட்டைத் தேடினார்கள். அதன்பின் 2008ஆம் ஆண்டு வரை அவர் மேலும் ஏழு ஆல்பங்கள் வெளியிட்டார். ஆயினும் இன்றளவும் அவர் பெயரைச் சொன்னால் மக்கள் நினைவுகூர்வது அம்முதல் ஆல்பத்தைத்தான். அதிலிருந்த 'ஃபாஸ்ட் கார்' என்னும் பாட்டை வேறொரு பாடகர் 2023ஆம் ஆண்டில் பாடி வெளியிட, முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் அது புதிய பாட்டைப் போல வெற்றி பெற்றது.

இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ என்று அக்கட்சியார் கேட்பர். வேண்டாம், சான்றை ஏற்றுக்கொள்வோம். ஆனால் அச்சான்று எதனை மெய்ப்பிக்கிறது என்பதை ஆராய வேண்டும். முதல் ஆல்பத்தில் இடம்பெறும் பாட்டுகள் ஒரு மனிதர் தம் வாழ்நாளில் அதுவரை பட்டதையும் கேட்டதையும் திரட்டி ஆக்கியவை. பத்துப் பாட்டு எழுதி எட்டைக் கிழித்தெறிய அவருக்கு அவகாசம் இருந்தது. எப்போது முடிப்பீர்கள் என்று தட்டிக் கேட்க எவரும் இல்லை. தெருவிலே பாடும்போது எந்த அடியில் வழிப்போக்கர் நின்று கேட்டார், எந்த அடியில் நடந்துபோய்விட்டார் என்பதை நேரிலேயே கண்டு திருத்திக்கொள்ளவும் முடிந்தது. புகழ் வந்த பின்னரோ நிலைமை வேறு. நாடெங்கும் பயணம், பேட்டி, ஒப்பந்தக் கெடு, ஒவ்வோர் ஊரிலும் அதே பாட்டைப் பாடச் சொல்லும் கூட்டம்! முதல் ஆல்பத்துக்கு இருபத்துநான்கு வயது வரையில் காலம் கிடைத்த சாப்மனின் இரண்டாம் ஆல்பம் அடுத்த ஆண்டே, 1989இல், வெளிவந்துவிட்டது. ஆகவே புகழால் குறைந்துபோனது அவருடைய திறமை என்று நாம் கருத வேண்டியதில்லை. குறைந்துபோனது காலமே என்று கொள்வது பொருந்தும்.

இனி, மறுபக்கத்துச் சாட்சியை அழைப்போம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர் அமைத்த 'பீட்டில்ஸ்' குழுவின் வரலாறு, நாள் தவறாமல் குறித்துவைக்கப்பட்ட வரலாறாகும். எனவே நம் விசாரணைக்கு மிகவும் ஏற்றது.

அவர்கள் 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குச் சென்று, இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசித்துப் பழகினார்கள். 1962ஆம் ஆண்டின் முதல் நாள் டெக்கா நிறுவனத்தார் அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். புகழுக்கு முந்தைய அந்த வறுமைக் காலத்தின் இசை நமக்குக் கிடைக்காமற் போகவில்லை. 1962 டிசம்பரில் ஹாம்பர்க் விடுதியொன்றில் அவர்கள் வாசித்ததை ஒருவர் ஒலிப்பதிவு செய்துவைத்திருந்தார். அது 1977ஆம் ஆண்டில் இசைத்தட்டாகவே வெளிவந்தது. அதில் துடிப்பு இருக்கிறது, வேகம் இருக்கிறது, இளமையின் முரட்டுத்தனமும் இருக்கிறது. பெரும்பாலும் பிறர் இயற்றிய பாட்டுகளே அதில் உள்ளன. பீட்டில்ஸ் குழுவின் தலைசிறந்த இசைத்தட்டு இதுவே என்று சொல்லும் ரசிகரைக் காண்பது அரிது.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1963 மார்ச்சில் வெளிவந்தது. அதிலுள்ள பதினான்கு பாட்டுகளில் பத்து, பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டவை. பதினான்கில் ஆறு பிறருடைய பாட்டுகள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1964 பிப்ரவரியில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களை 7 கோடியே 30 லட்சம் பேர் கண்டனர். புகழின் உச்சி என்றால் அதுதான். அவ்வாண்டு ஜூலையில் வந்த ஆல்பத்தின் பதின்மூன்று பாட்டுகளும் லெனன், மெக்கார்ட்னி இருவரும் தாமே இயற்றியவை. ஆனால் அதே டிசம்பரில் வந்த அடுத்த ஆல்பத்திலோ, பதினான்கு பாட்டுகளில் ஆறு மீண்டும் பிறருடையவை ஆகிவிட்டன. காரணம் வெளிப்படை. ஓயாத பயணத்தில் களைத்துப்போனவர்களுக்குப் புதிதாய் எழுத நேரம் இல்லை. இதுவரையில் நம் முதற் கட்சியார் சொல்வது முற்றிலும் பொருந்துகிறது. புகழ் வந்தது, பாட்டு மெலிந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் தீர்ப்பும் அவர்களுக்கே சாதகமாகி இருக்கும். ஆனால் முடியவில்லை. 1966 ஆகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பாடிவிட்டு, இனிக் கட்டணக் கச்சேரி செய்வதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய குரலை அவர்களே கேட்க முடியாதபடி கூச்சலிடும் கூட்டத்திடமிருந்து விலகி, ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் சென்று அமர்ந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல் வரை, ஐந்து திங்கள் உழைத்து உருவாக்கியதே 'சார்ஜண்ட் பெப்பர்' என்னும் ஆல்பம். அதன் இறுதிப் பாட்டுக்கு மட்டும் நாற்பது வாத்தியக்காரர்களைக் கூட்டினார்கள். குழுவில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் 1966 செப்டம்பரில் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றார். அப்பயிற்சியின் பயனும் அந்த ஆல்பத்தில் ஒலிக்கிறது. ஹாம்பர்க் விடுதியில் பசியோடு வாசித்த பையன்கள் கேட்டிருந்தால் எந்த நிறுவனம் ஐந்து திங்கள் கூடத்தைத் திறந்து வைத்திருக்கும்? எவர் நாற்பது வாத்தியக்காரருக்குக் கூலி கொடுத்திருப்பார்? புகழ் பறித்துக்கொண்ட காலத்தை, அப்புகழைக் கொண்டே அவர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இதே உண்மையை நம் நாட்டிலும் காணலாம். இளையராஜா அவர்கள் 1968ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சலில் சௌத்ரிக்குக் கிதார் வாசித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பத்தாண்டு சென்றபின், ஓய்வென்பதே அறியாத படவேலைக்கு நடுவில், 1986இல் அவர் 'ஹௌ டு நேம் இட்' என்னும் ஆல்பத்தை வெளியிட்டார். தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மனியின் பாக் என்னும் மேதைக்கும் காணிக்கையாக்கப்பட்ட அதில் திரைக்கதை இல்லை, நாயகன் நாயகி இல்லை, பாட்டு வரியும் இல்லை. வாத்திய இசை மாத்திரமே. பெயர் பெறாத ஒருவர் அப்படியொரு தட்டைச் செய்ய விரும்பியிருந்தால் யார் முதல் போட்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். 2005இல் வந்த 'திருவாசகம்' ஆல்பத்துக்கு ஹங்கேரி நாட்டு வாத்தியக் குழுவினர் வாசித்தனர். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது எண்பத்தொன்று.

"அவருடைய எண்பதுகளின் பாட்டுக்கு ஈடாகுமோ?" என்று உடனே ஒரு குரல் எழும். எழட்டும். ஆனால் அக்குரல் தன்னையறியாமலே நம் பக்கம் சேர்ந்துவிட்டது. எண்பதுகள் என்பது அவர் புகழுக்கு முந்தைய காலம் அன்று, புகழின் நடுப்பகல். பழைய பாட்டு உயர்ந்தது என்று சொல்லும்போது நாம் மூன்று வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கலைஞர் பெயர் பெறாத காலம் ஒன்று. கலைஞரின் இளமைக் காலம் மற்றொன்று. கேட்கும் நம்முடைய இளமைக் காலம் மூன்றாவது. இம்மூன்றாவதே பல வேளைகளில் மற்ற இரண்டின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. அதிலும், பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்த நம் போன்றோருக்கு அதன் பிடி அதிகம். வண்டியேறிய ஆண்டில் ஊர்த் தேநீர்க் கடையில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு, நம் மனத்தில் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அவ்விசையமைப்பாளர் எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், அதில் நம் ஊர் மணக்கவில்லையே என்று குறைப்படுகிறோம். அக்குறைக்கு அவர் என்ன செய்வார், பாவம்!

கர்நாடக சங்கீதத்திலோ இக்கொள்கை நிற்கவே இடம் இல்லை. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் முதல் இசைத்தட்டு அவருடைய பத்தாவது வயதிலேயே வெளிவந்தது. 'மீரா' படத்தின் தமிழ் வடிவம் 1945இலும் இந்தி வடிவம் 1947இலும் வெளிவந்து, அவர் பெயரை நாடெங்கும் பரப்பின. இன்று விடியற்காலையில் தென்னாட்டு வீடுகள் பலவற்றில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்ததோ 1963இல். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியாயிற்று. அதன் பிறகும், அறுபது வயதைக் கடந்த நிலையில், திருப்பதி தேவஸ்தானத்துக்காக அன்னமாசாரியரின் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்து, 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்னும் இசைத்தட்டு வரிசையைப் பாடிக் கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் மாணவியைப் போல உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு பாடியவரைப் புகழ் கெடுத்துவிட்டது என்று எவர் கூறுவர்?

இன்னொரு வகைக் கலைஞரும் உண்டு. புகழ் வந்து, இருந்து, விலகியும் போனபின் சிறந்த பணி செய்தவர்கள். ராகுல் தேவ் பர்மன் அவர்கள் 1961இல் இந்திப் படவுலகில் தொடங்கி, எழுபதுகளில் நிகரற்று விளங்கினார். எண்பதுகளின் பிற்பகுதியில் படங்கள் குறைந்தன. கதவைத் தட்டியவர்களும் அருகினர். அந்நிலையில் அவர் அமைத்ததே '1942: எ லவ் ஸ்டோரி' படத்தின் இசை. 1994 ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார். படம் அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்தது. அப்பாட்டுகள் பெற்ற வரவேற்பை அவர் கண்ணால் காணவில்லை. அவருடைய மிகச் சிறந்த தொகுப்புகளுள் அதுவும் ஒன்று என்பதை மறுப்பவர் சிலரே. அதே ஆற்றல் அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அவரிடம் இருந்திருக்க வேண்டுமன்றோ? அழைக்கத்தான் ஆள் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். நல்ல இசைக்கு மூன்று வசதிகள் தேவை: எழுதியதை அழித்துத் திரும்ப எழுதக் காலம், நல்ல வாத்தியம், நல்ல துணைவர் ஆகிய சாதனங்கள், தன் மனம் போன வழியில் போகும் சுதந்திரம். பெயர் பெறாதவரிடம் காலமும் சுதந்திரமும் உண்டு, சாதனம் இல்லை. பெயர் பெற்ற தொடக்கத்தில் சாதனம் கிடைக்கிறது, காலமும் சுதந்திரமும் பறிபோகின்றன. அப்பறிகொடுத்ததை மீட்டுக்கொள்ளத் தெரிந்தவர் புகழுக்குப் பின்னும் வளர்கிறார். மீட்க முடியாதவர் தம் முதற் பாட்டையே வாழ்நாள் முழுதும் பாடுகிறார். மீட்பது கலைஞர் ஒருவர் கையில் மட்டும் இல்லை. கேட்கும் நம் கையிலும் பாதி இருக்கிறது.

இங்கேதான் இந்த வினா நம் சங்கங்களின் வாயிற்படியை மிதிக்கிறது. ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெயர் பெற்ற பாடகரை அழைக்கிறோம். அவர் புதிதாய் ஒன்று தொடங்குவதற்குள், பின்வரிசையிலிருந்து பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கூவுகிறோம். அவர் அதைப் பாடுகிறார், கைதட்டுகிறோம். வீட்டுக்குத் திரும்பும் வழியிலோ, "முன்னைப் போல இல்லை, புதிதாக ஒன்றும் செய்யவில்லை" என்கிறோம். புதியதைச் செய்ய விடாதவரும் நாம். செய்யவில்லை என்று குறை கூறுபவரும் நாம்.

இதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. "பசித்திருந்தால்தான் கலை பிறக்கும், பணம் வந்தால் கெட்டுவிடும்" என்ற பேச்சு, கேட்பதற்குத் தத்துவம் போல் இருக்கிறது. நடைமுறையில் அது இளங்கலைஞருக்குக் கூலி கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்காகப் பயன்படுகிறது. சென்னையிலிருந்து வருபவருக்கு விமானக் கட்டணமும் விடுதியும் சன்மானமும் தருகிறோம். இங்கேயே பிறந்து, அலுவலகக் குடியிருப்பின் ஒற்றை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வயலின் பழகும் பெண்ணுக்கும், மிருதங்கம் பழகும் பையனுக்கும், "மேடை கிடைத்ததே பெரிது" என்று சொல்லி ஒரு சால்வையோடு அனுப்பிவிடுகிறோம். தம்பூராவுக்கும் தந்திக்கும் விலை உண்டு. ஆசிரியருக்குத் திங்கள்தோறும் சம்பளம் உண்டு. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிருதங்கத்தைத் தூக்கிவர ஆட்டோக் கூலி உண்டு. அச்செலவை எல்லாம் அக்குடும்பமே சுமக்கிறது. சுமக்க முடியாத குடும்பத்தில் பிள்ளை பதினெட்டு வயதில் வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறது. பசி பாட்டை வளர்த்த கதை நமக்குத் தெரிகிறது. ஏனென்றால் அதில் தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு பேட்டி கொடுக்கிறார்கள். பசி விழுங்கிய பாட்டின் கதையைச் சொல்ல ஆள் ஏது?

ஆகவே சங்கத்து அன்பர்கள் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். விழாவில் பாட வரும் பெரியவரிடம், நிகழ்ச்சியின் ஒரு பகுதியேனும் அவர் விரும்பியதைப் பாடும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். அப்பகுதியில் சீட்டு அனுப்புவதில்லை, கூவுவதில்லை என்று நமக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். இரண்டாவதாக, நம் பிள்ளைகள் எவர் மேடையேறினாலும் போக்குவரத்துச் செலவும், சிறிதாயினும் ஒரு சன்மானமும், கணக்கில் எழுதி முறையாகக் கொடுப்போம். மூன்றாவதாக, விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கூடத்தை, வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் சாதகம் செய்யத் திறந்துவிடுவோம். இம்மூன்றில் கடைசிக்குச் சாவியை எடுத்துக் கொடுக்க ஒருவர் முன்வந்தால் போதும். செலவு மின்விசிறிக்கு மட்டுமே. அடுத்த செயற்குழுவில் இதனை எவரேனும் எழுப்புவார்களானால், வழிமொழிய நான் காத்திருக்கிறேன்.